மணம்: ஆட்சேபணை இல்லை

செக் நாட்டிலிருந்து இரண்டு பேர்,
பீர் காய்ச்சுகிறவர்கள்,
யரோமீர், அவன் தங்கை ஸ்டான்யா.
"சாயங்காலம் ஒரு நடை, அவ்வளவுதான்.
இங்கன என்னையக் கடைகடையாக் கூட்டிப்போயித்தான்
ஊரையே காட்டுனாங்க" என்று
ப்ர்னோவிலிருந்து சித்தி மகன் போனில் சொன்னான்.
யாரிடம் சொல்கிறான்?
பதினோரு வருஷமாய்க் குடிநீர் வாரியத்தில்
தண்ணீரைத் தவிர எதையும் சோதிக்காத
எஸ்தர் கனகமணியிடம்.

ஆறு மணி. பாளையங்கோட்டை மார்க்கெட்.
முதல் கடை, நன்னாரி சர்பத்.
கடைக்காரர் எலுமிச்சையைப் பிழிந்த வேகத்தில்
ஸ்டான்யாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு சொட்டு.
"இதில் எத்தனை சதவீதம்?"
"சீனிதான், நூற்றுக்கு நூறு" என்றேன்.
யரோமீர் உடனே குடிக்கவில்லை.
டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு
போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.
"வேர்தானே?" என்றான் கடைசியில்.
சர்பத்காரர் என்னிடம் கேட்டார்:
"யக்கா, சாருக்குப் பிடிக்கலையோ?"

இரண்டாவது கடைக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.
நான் எதிர்ப்பக்கம், பூட்டிய ஷட்டர் ஓரம்,
அவர்கள் பைகள் இரண்டையும் கட்டிக்கொண்டு,
சபைக்காரர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று.
ஸ்டான்யா படியேறியதும்
நின்றவர்களெல்லாம் வழிவிட்டார்கள்,
ஆம்புலன்ஸுக்கு விடுவதுபோல.
கம்பிவலைக்குள்ளிருந்து ஒரு கை.
"கூலிங் இல்ல. கூலிங்னா பத்து ரூவா கூட."
பத்து ரூவா கொடுத்தும் கூலிங் இல்லை.

"நாற்காலி இல்லை" என்றான் யரோமீர்,
வருத்தமாகக்கூட இல்லை, கணக்கெடுப்பவன்போல.
"யாரும் யாரையும் பார்க்கவில்லை."
அவர்கள் ஊரில் கேட்காமலே அடுத்த கிளாஸ் வருமாம்.
சீட்டில் ஒரு கோடு விழுமாம்.
போதுமென்றால் மேசை அட்டையை எடுத்துக்
கிளாஸை மூடவேண்டுமாம்.
எங்கள் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன்.
இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும்
விரலிடுக்கில் சோறு விழும்.

வண்ணார்பேட்டை டீக்கடையில் பெஞ்சு இருந்தது.
எங்களுக்காக எழுந்தவர் எழுந்தபடியே கேட்டார்,
அவங்க ஊர்ல என்னென்ன சாதி உண்டும்மா?
"மழை உண்டா என்று கேட்கிறார்" என்றேன் அவர்களிடம்.
உண்டு உண்டு என்று தலையாட்டினாள் ஸ்டான்யா.
அவருக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு கொக்கிரகுளம், பாலத்துக்குக் கீழே ஆறு.
யரோமீர் செருப்பைக் கழற்றி
குனிந்து, கையைக் குவித்து...
மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
என் பிழைப்பு பிடித்த பிடி அது.
எந்தச் சாக்கடை எந்த வளைவில் சேருகிறதென்று
கண்ணை மூடிச் சொல்வேன் நான்.
கைப்பையில் ஒரு பாட்டில் கிடந்தது,
காலையில் பாபநாசத்தில் எடுத்ததில் மிச்சம்.

முகர்ந்தான். ஒரு வாய்.
உள்ளே உருட்டி, மூச்சை மூக்கால் விட்டு,
தங்கையிடம் அவர்கள் பாஷையில் ஒரே ஒரு சொல்.
அவள் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தாள்.
"இவ்வளவு மெதுவான தண்ணீர் கிடைத்தால்
நான் ஆலையையே தூக்கிக்கொண்டு வருவேன்" என்றாள்.
அந்த எண்ணை வாரம் இருமுறை எழுதுகிறேன்.
யாரும் அதைக் கேட்டு அடடா என்றதில்லை.

கூலிங் இல்லாத பாட்டிலை என் பக்கம் நீட்டினாள்.
குடித்தேனா என்று கேட்காதீர்கள்.
சுண்டைவற்றல்போல் ஒரு கசப்பு
அடிநாக்கில் வீடுவரை கூட வந்தது,
அவ்வளவுதான் சொல்லலாம்.

காலையில் ஆய்வகம். ஏழு மாதிரிகள்.
நிறம், கலங்கல், மணம்.
மணம் என்ற கட்டத்தில்
பதினோரு வருஷமாய் முகராமலே எழுதிவந்தது:
ஆட்சேபணை இல்லை.
முதல் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன்.
பாசி. கொஞ்சம் இரும்பு. அதற்கப்பால்,
வெயிலில் கிடந்த பாறை நனைந்த மாதிரி ஏதோ.
கட்டம் அரை அங்குலம்தான்.
பேனாவை மூடிவைத்துவிட்டு
இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன்.